மூன்றாவது புல்லி

சண்முகவள்ளிக்கு மறதி கிடையாது. ஊரில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் இல்லையே என்று சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். நல்லது செய்தவர்களையும் அவள் மறந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் அவள் வாழ்க்கையில் ரொம்பக் குறைச்சல். கெட்டது செய்தவனை மட்டும் முந்தானையில் காசு முடிகிற மாதிரி நெஞ்சில் முடிந்து வைத்துக்கொள்வாள். அந்த முடிச்சுகளில் பெரிய முடிச்சு உடையப்பன்.

உடையப்பன் யாரோ எவனோ இல்லை, புருஷனுடைய கூடப்பிறந்த தம்பி. நிலக்கோட்டைக்கும் சேவுகம்பட்டிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அண்ணன் தம்பி இருவருக்கும் நிலம். அண்ணன் சோலைமுத்து காமாலையில் போய்ச் சேர்ந்தபோது சண்முகவள்ளிக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், நிலம் நம் கைக்கு வந்துவிடும் என்று உடையப்பன் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தான். அவள் போகவில்லை. தன் பங்கு முழுக்க மல்லிகை நட்டாள். விடியலில் மொட்டுப் பறித்து, கூடையோடு பஸ் ஏறி, நிலக்கோட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்து கஞ்சி காய்ச்சுவாள்.

நிலம் பிரிந்தாலும் கிணறு பொதுதான். ஒரு நாள் அவன் முறை, மறுநாள் அவள் முறை. சூரியன் எழுந்து அடைகிற வரைக்கும் முறைக்காரர் தண்ணீர் இறைக்கலாம். மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தில் இதில் ஒரு வம்பும் வந்ததில்லை. யார் மாடாக இருந்தாலும் நுரை தள்ளும், யார் மாடாக இருந்தாலும் செத்த நேரம் நிற்கும்.

ஐம்பத்தேழில் அந்தப் பக்கத்துக் காடுகளுக்குக் கரண்டுக் கம்பி வந்தது. உடையப்பன் தேனொழுகப் பேசிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மோட்டார் போடுவோம், மாட்டைக் கட்டி அழ வேண்டாம் என்றான். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தன் பங்கைக் கொடுத்தாள். கிணற்று விளிம்பில் ஓட்டுக் கூரை போட்டு ரூம் எழும்பியது. உள்ளே ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் பம்ப். மோட்டார் அச்சில் புல்லி என்கிற இரும்புச் சக்கரம், அதற்கும் பம்புக்கும் நடுவே அகலமான தோல் பெல்ட். மோட்டார் சுற்றினால் பெல்ட் பம்பைச் சுற்றும், பம்ப் தண்ணீரை வாரிக் கொட்டும். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, முதல் நாள் உடையப்பன் முறையில் ஓட்டினார்கள். ஊரே வந்து பார்த்தது.

மறுநாள் சண்முகவள்ளி முறை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து ரூமுக்குள் கால் வைக்கப் போனாள். உடையப்பன் வாசலில் கையை நீட்டி மறித்தான்.

"நில்லுங்க மதினி. மோட்டாரு சாமி மாதிரி. தாலி இல்லாத கை பட்டா அதுக்கு ஆகாது. ஒங்க முறைக்கும் நானே சுவிட்சப் போட்டு விடுறேன்."

தோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது மட்டும் அந்தக் கை ஆகியிருந்தது பாருங்கள்! அப்போது தாலி இருந்ததா? சுற்றி நின்ற ஒருத்தராவது இதைக் கேட்டார்களா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.  சண்முகவள்ளி அவன் நீட்டிய கையை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கையை ஒரு நாள் மடக்கிக் காட்டாவிட்டால் நான் சண்முகவள்ளி இல்லை என்று அங்கேயே நெஞ்சில் முடிந்துகொண்டு வரப்பில் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் முறைக்கும் அவன்தான் காலையில் வந்து ரூமைத் திறப்பான், சுவிட்சைப் போடுவான், பூட்டிவிட்டுப் போய்விடுவான். முதலில் தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்தது. வருஷம் ஒன்று திரும்பியபோது அவள் வாய்க்கால் மட்டும் மெலிந்தது. அவன் முறையில் உச்சி வேளைக்குள் வாழைத்தோப்பின் கடைசிப் பாத்தி வரைக்கும் நிறைந்து நிற்கிறது. அவள் முறையில் பொழுது சாயும்போதுகூட மல்லிகையின் பின்பாத்திகளை எட்டவில்லை. அதே கிணறு, அதே மோட்டார், ஒரே நாள் இடைவெளி. கேட்டதற்கு உடையப்பன் உதட்டைப் பிதுக்கினான். ஒங்க நாளில் கரண்டு இளைச்சு வருது மதினி, நான் என்ன செய்ய, மோட்டாருக்கும் ராசி பார்க்கத் தெரியும் போல என்று சிரித்தான்.

அடுத்த கோடையில் பின்பாத்திச் செடிகள் பட்டுப்போயின. பட்ட செடியை நிலத்தில் விட்டுவைத்தால் பூச்சி பிடிக்கும். அவளே குனிந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டாள். பிள்ளை மாதிரி வளர்த்த செடிகள். பொம்பளை வெள்ளாமை இம்புட்டுத்தான் என்று வரப்பில் போனவர்கள் அவள் காதுபடச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இந்தத் திருட்டு எப்படி வெளியில் வந்தது தெரியுமா? உடையப்பனுடைய பக்தியால் வந்தது. ஆயுத பூசையன்று மோட்டார் ரூமைக் கழுவி, சாணி மெழுகி, தொழிலில் உள்ள அத்தனை சாமானையும் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பான். ஒரு சாமானை விட்டுவிட்டால்கூட வருஷம் முழுக்க அது காலை வாரிவிடும் என்று அவனுக்குப் பயம். திருடுவதற்குப் பயம் இல்லை, பூசையில் ஒன்றை விடுவதற்குப் பயம். என்ன ஜென்மமோ!

சண்முகவள்ளி வாசலுக்கு வெளியே நின்றாள். உடையப்பன் பெண்டாட்டி கண்ணம்மாள் பொரிகடலை கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். கண்ணம்மாள் வெள்ளந்தி, சூதுவாது அறியாதவள். அவள் தோளுக்கு மேலாகச் சண்முகவள்ளி உள்ளே பார்த்தாள். மண்வெட்டி, அரிவாள், ஸ்பானர், எண்ணெய்க் குப்பி, அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன இரும்புப் புல்லி. நெற்றியில் சந்தனம் வைத்த மாதிரி அதற்கும் பொட்டு. மோட்டாரில் வேறொரு புல்லி மாட்டியிருந்தது, அது இதைவிடப் பெரிசு. கீழே இருந்த சின்னதின் துவாரத்தில் துரு இல்லை, கிரீஸ் பளபளத்தது.

"இது என்னத்துக்கு கண்ணம்மா?" என்று கேட்டாள்.

"அது ஒங்க முறைக்கு மாட்டுறதுக்கு அக்கா. பெருசு எங்க முறைக்கு. பெருசு ஒங்களுக்கு ஆகாதாம், அவுக சொன்னாக."

கையில் அள்ளிய பொரி அப்படியே நின்றது. நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுச் சண்முகவள்ளி திரும்பி நடந்தாள்.

மறுநாள் பூவை மார்க்கெட்டில் போட்ட கையோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள். அங்கே பக்ருதீன் பாய் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். தோல் பதனிடும் இடங்களுக்கு எந்திர வேலை செய்கிறவர், புல்லி வார்த்துக் கடைந்து கொடுப்பார், எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுவார். சண்முகவள்ளி தான் பார்த்ததைச் சொன்னாள். கரண்டு இளைத்தால் மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவாகச் சுற்றுமா என்று கேட்டாள். பாய்க்குச் சிரிப்பு வந்தது.

"சில மோட்டாருல உள்ள கரிக்கட்டை இருக்கும்மா. அதுல பிடியத் திருப்பினா வேகம் கூடும், கொறையும். ஒங்களுது கரியில்லா மோட்டாரு. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. யாரு கை சுவிட்சப் போட்டாலும் அது ஒரே வேகந்தான் சுத்தும். பம்போட வேகத்த மாத்தணும்னா புல்லியத்தான் மாத்தணும். பெரிய புல்லி மாட்டினா பம்பு வெரசாச் சுத்தும், சின்னது மாட்டினா சோம்பும்."

யாரு கை போட்டாலும் ஒரே வேகம். இந்த ஒரு சொல்லுக்காகவே அவள் இன்னொரு தடவை திண்டுக்கல்லுக்கு நடந்தே வந்திருப்பாள்.

பஞ்சாயத்தில் சொல்லுங்கம்மா, புல்லியைக் காட்டினால் மாட்டிக்கொள்வார் என்றார் பாய். அவளும் யோசித்தாள். பஞ்சாயத்தில் என்ன நடக்கும்? தெரியாமச் செஞ்சுட்டான், சின்னப்பய, விட்டுரு என்பார்கள். பட்டுப்போன செடிக்கு யார் பொறுப்பு? நீட்டிய கைக்கு யார் பொறுப்பு? மாட்டிக்கொள்வது பத்தாது, அவன் கையாலேயே அவன் கெட வேண்டும். ரெண்டாவதையும் விடப் பெரிய புல்லி ஒன்று மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஆனால் மோட்டாரின் மேல் ஏறும் பாரம் தண்ணீர் கூடுவதைவிட மூர்க்கமாகக் கூடும் என்றார். முதலில் பீஸ் கம்பி உருகும். அது உருகுவதே ஆளை எச்சரிப்பதற்குத்தான். அதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு நஷ்டமும் இல்லை. நிறுத்தாமல் பீஸுக்குத் தடித்த கம்பியைப் போட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகிவிடும்.

"நிறுத்த மாட்டாரு பாய். எனக்குத் தெரியும்," என்றாள்.

"அதுல ஒங்க பாதியும் இருக்கேம்மா."

"எரியட்டும். என் பாதியும் சேந்தே எரியட்டும்."

பாய் அளவு கேட்டார், அவள் வாசலில் நின்று கண்ணால் அளந்து வந்ததை விரல்களை விரித்துக் காட்டினாள். ஓசைப்படாமல் புல்லி வார்க்கப்பட்டது. புதுப் பளபளப்போடு கொடுத்தால் உடையப்பன் மோப்பம் பிடித்துவிடுவான் என்று அவள் அதை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குப்பைக்குழியில் புதைத்தாள். மூத்திரமும் மழையும் பட்டு, அடுத்த ஆயுத பூசைக்குள் அது பரம்பரை இரும்பு மாதிரி துரு ஏறியது. அந்த வருஷம் முழுக்க அவள் மெலிந்த தண்ணீரைப் பார்த்தாள், சின்னப் புல்லியின் சத்தத்தைக் கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. அது சாமான்யமான காரியமா?

இன்னொரு வேலையும் செய்தாள். உடையப்பன் தன் கமலைச் சாமான்களை எப்போதோ விற்றுத் தின்றிருந்தான். அவள் பரணில் கிடந்த தண்ணீர் அள்ளும் தன்னுடைய கமலைச் சாலை இறக்கி, கிழிந்த தோலைத் தைத்து, வடக்கயிறு புதிதாக முறுக்கினாள். கிழட்டு மாடு ஒரு ஜோடி பிடித்துவந்து கட்டினாள். மோட்டார் காலத்தில் கமலையா என்று ஊரே கேலி பேசியது. கேலி பேசின வாய்களை எல்லாம் அவள் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொண்டாள்.

பூசைக்கு முதல் நாள் துருப்பிடித்த புல்லியைக் கண்ணம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். எஞ்சின் வைக்கலாம் என்று உங்க அண்ணன் வாங்கிப் போட்டது, வீட்டில் கிடக்கிறது, நான் பூசையில் வைக்கக் கூடாது, நீங்கள் வைத்துக் கும்பிடுங்கள் என்று சொல்லச் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தபோது மூன்றாவது புல்லியில் சந்தனம் இருந்தது. உடையப்பனின் கண் பூசையில் இல்லை, அதன் விட்டத்தில் இருந்தது.

மழைக்காலத்தில் அவனுக்கு அது தேவைப்படவில்லை. பங்குனி பிறந்தது, வெயில் ஏறியது, வாழை குலை தள்ளும் நேரம் வந்தது. ஒரு நாள் அவன் முறையில் ரூமிலிருந்து வந்த பம்பின் இரைச்சலே வேறு மாதிரி இருந்தது. தொட்டியில் தண்ணீர் வெள்ளமாய் விழுந்தது. சண்முகவள்ளி மொட்டுப் பறிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மாட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது, பீஸ் போயிருக்கிறது. இப்போதாவது நிறுத்தடா, நிறுத்தினால் நீ தப்பித்தாய் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அப்படி நிறுத்திவிடுவானோ என்று அவளுக்கு உள்ளூரப் பதைப்பாகவும் இருந்தது. மறுபடி இரைச்சல் கேட்டது. தடித்த கம்பியைப் போட்டுவிட்டான்.

வெயில் உச்சிக்கு வரும் முன்னே ஓட்டுக்கூரை இடுக்கில் புகை கிளம்பியது. உடையப்பன் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான். கருகிய நாற்றம் மல்லிகைக் காடு வரைக்கும் அடித்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

பஞ்சாயத்தைக் கூட்டியதும் அவனேதான், அந்தக் கூத்தைக் கேளுங்கள். பொது மோட்டார் எரிந்துவிட்டது, ரிப்பேருக்கு மதினியும் பாதி தர வேண்டும் என்று சாவடியில் நின்று நியாயம் கேட்டான். சண்முகவள்ளி எழுந்து, தருகிறேன், முதலில் எல்லாரும் ரூமுக்குள் வந்து பாருங்கள் என்றாள். பெரியவர்கள் வந்தார்கள். எரிந்த மோட்டாரில் மூன்றாவது புல்லி அப்படியே இருந்தது, மற்ற ரெண்டும் மூலையில் கிடந்தன. எது யார் முறைக்கு என்று கேட்டபோது கண்ணம்மாள் கள்ளமில்லாமல் கையைக் காட்டிச் சொன்னாள்.  தப்பிக்கிற வழியாக உடையப்பனுக்கு ஒன்று தோன்றியது, பெரிய புல்லியைக் கொடுத்ததே மதினிதான் என்று கத்தினான்.

"பூசையில வைக்கத்தான குடுத்தேன் கொழுந்தனாரே," என்றாள் அவள். "மோட்டாருல மாட்டச் சொன்னேனா?"

 ரிப்பேர் முழுக்க அவன் தலையில் விழுந்தது. திருடின தண்ணீருக்கு என்ன தண்டம் போடலாம் என்று அவளையே கேட்டார்கள்.

"எனக்குத் தண்டம் வேணாம். இனிமே ரெண்டு முறைக்கும் நாந்தான் சுவிட்சப் போடுவேன். அவரு முறையன்னிக்கு அவரு என் வாசல்ல வந்து நின்னு என்னக் கூப்பிடணும்."

 தாலி, ராசி என்று பெரியவர்களில் ஒருவர் இழுத்தார். தாலி கட்டின கைதான் இதை எரித்தது என்றாள். அவள் கேட்டபடியே தீர்ப்பானது.

அந்தக் கோடையில் மோட்டார்க் கம்பிக்குப் பஞ்சம். பக்ருதீன் பாய் பட்டறையில் எரிந்த மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. உடையப்பன் வாழை, குலையோடு கழுத்தொடிந்து சாய்ந்தது. சண்முகவள்ளியின் கிழட்டு மாடுகள் கமலை இறைத்தன, மல்லிகை பூத்தது. கமலையைத் தன் முறைக்குத் தரச்சொல்லி அவன் வரப்பில் வந்து நின்றான். 

"கமலை சாமி மாதிரி கொழுந்தனாரே. தண்ணி திருடின கை பட்டா அதுக்கு ஆகாது."

அவன் திரும்பிப் போனான். இரக்கமே இல்லையா என்றால், கண்ணம்மாளிடம் இருந்தது. வீட்டுத் தண்ணீருக்குக் குடத்தோடு வந்தால் அவளுக்கு மட்டும் சாலிலிருந்து நிரப்பிக் கொடுப்பாள். வாழைக்கு ஒரு சொட்டு விடவில்லை.

மோட்டார் திரும்பி வந்தது. மாட்டுவதற்கு ஒரே புல்லி, ரெண்டு முறைக்கும். எரித்த புல்லியைச் சண்முகவள்ளி கேட்டு வாங்கித் தன் வாசற்படி ஓரத்தில் போட்டுக்கொண்டாள். உடையப்பன் முறையன்று விடிந்ததும் வருவான், அந்தப் புல்லிக்குப் பக்கத்தில் நின்று, "மதினி, வாங்க" என்பான். முதல் கூப்பாட்டுக்கு அவள் வெளியே வந்ததே இல்லை. ரெண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் முந்தானையை உதறிக்கொண்டு வருவாள். முன்னே அவள் நடப்பாள், பின்னே அவன் வருவான். மழை பெய்தாலும் அவனுக்குக் காய்ச்சல் என்றாலும் மாற்றம் இல்லை. ஒரு தடவை கண்ணம்மாளை அனுப்பிப் பார்த்தான், அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. போதுமே, விட்டுவிடு என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. எதை விடுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அறுபத்தெட்டில் ஒரு மத்தியானம் உடையப்பன் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. சண்முகவள்ளி துக்கத்துக்குப் போனாள், அழவில்லை. காரியம் எல்லாம் முடிந்து, அவன் முறை நாள் வந்தது. விடிந்தது. வாசலில் யாரும் கூப்பிடவில்லை. அவள் வழக்கம்போல உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். புல்லியின் மேல் வெயில் விழுந்தது. செத்தும் என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு தானாகவே எழுந்து நடந்தாள்.

மோட்டார் ரூம் வாசலில் கண்ணம்மாள் நின்றிருந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. உடையப்பன் அன்றைக்குக் கையை நீட்டி மறித்த அதே இடம். சாவி அவள் கையில்தான் இருந்தது, கதவும் திறந்துதான் கிடந்தது. அவள் கால் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"நீங்க போடுங்கக்கா. இனிமே என் கை ஆகாது."

சண்முகவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாகிற வரைக்கும் தன் வாசலில் வந்து நின்றவன், தன் பெண்டாட்டிக்கு இதைத்தான் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கண்ணம்மாளின் வளையல் இல்லாத மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்தக் கையைத் தூக்கிச் சுவிட்சின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"போடுடி. அந்த ஆளு எங்க கெடந்தாலும் அவரு காதுல விழட்டும்."

கண்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். மோட்டார் என்றைக்கும் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றியது.